கரையில் நின்று பார்த்தது போதும்

கோடை வந்துவிட்டது. இனி ஒவ்வொரு சனி, ஞாயிறும் ஏதாவதொரு ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல், அது இல்லாவிட்டால் பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல். நீங்களும் போவீர்கள், நானும் போவேன். பெரிய சட்டியில் கூழ் காயும். ஒரு மாமா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். கயிறு இழுத்தல் நடக்கும், யாராவது விழுவார்கள். இவ்வளவும் பெரும்பாலும் ஒரு ஏரிக்கரைப் பூங்காவில்தான் நடக்கும். ஆனால் கவனித்துப் பாருங்கள்: இருநூறு பேர் வந்திருந்தாலும் தண்ணீருக்குப் போகிறவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. போகிறவர்களும் முழங்கால் நனைந்ததும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

இதைப்பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். ஒன்ராறியோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அம்மா அப்பாவோடு ஒரு அமைதியான ஏரியின் நடுவில் படகில் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. முக்கியமாக, தண்ணீருக்குப் பயந்த அம்மாவைக் கரையில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. அவரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக்குப் போகவேண்டும். அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு.

அப்பாவோடு வேலைசெய்த ஒருவர், படகு வீடு ஒன்றை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். தனியாக எடுக்க எங்களிடம் காசு இல்லை. மாமா குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டு குடும்பம், ஒன்பது பேர், இரண்டு அரிசிப் பை, ஒரு இடியப்ப உரல். ஸ்காபரோவில் இருந்து இரண்டு மணித்தியாலம் ஓடி பொப்கேஜன் என்ற சின்ன ஊருக்குப் போனோம். அதன் ஒரு பக்கம் ஸ்டேர்ஜன் ஏரி, மறுபக்கம் பிஜன் ஏரி. கவார்த்தா ஏரிகள் என்று சொல்வது இவற்றையும் இவற்றைச் சுற்றியுள்ள மற்ற ஏரிகளையும்தான்.

எங்கள் படகு வடிவானது என்று சொல்லமுடியாது. மிதவைகளுக்கு மேல் ஒரு சின்னக் கொட்டேஜைத் தூக்கி வைத்தமாதிரி இருந்தது. உள்ளே அடுப்பு, குளிர்பெட்டி, படுக்கைகள். ஆள் ஓடுகிற வேகம்தான் போகும். ஆனால் மேல்தட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு போனால் மேகம் நகர்கிறதா நாங்கள் நகர்கிறோமா என்று தெரியாது. லூன் பறவை கூப்பிடும். தண்ணீர் படகின் அடியில் தட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு இன்றைக்கும் நித்திரை வராத இரவுகளில் அந்தச் சத்தத்தை நினைத்துக்கொள்வேன்.

அப்பா புங்குடுதீவார். சின்ன வயதில் குறிகட்டுவானிலிருந்து வள்ளத்தில் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போன கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சுக்கானைப் பிடித்ததும் அவர் முகமே மாறிவிட்டது. தொழிற்சாலையில் இரவு வேலைசெய்துவிட்டு வந்து சோபாவில் தூங்குகிற அப்பாவைத்தான் எனக்கு அதுவரை தெரியும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விரலை நனைத்துப் பார்க்கிற மனிதர் வேறு யாரோபோல இருந்தார்.

அம்மா ஏறமாட்டேன் என்றார்.

“நான் உதுக்குள்ள ஏறமாட்டன். நீங்கள் போட்டு வாங்கோ. நான் காருக்குள்ள இருக்கிறன்.” ஒரு கிழமை காருக்குள் இருப்பாராம்! மாமி கையைப் பிடித்து ஒருவாறு ஏற்றினார். ஏறியதும் அம்மா செய்த முதல் வேலை, லைஃப் ஜக்கெற்றுகளை எண்ணியது. ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளே எழுதியிருந்த நிறையைப் பார்த்தார். எனக்கும் தம்பிக்கும் சரியான அளவில் புதிதாக வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார். நித்திரை தவிர மற்ற நேரமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு திரியவேண்டும் என்பது சட்டம். சாப்பிடும்போதும்தான். மச்சான்மார் எங்களைத் தோடம்பழம் என்று பகிடி பண்ணினார்கள். மாமா, “அக்கா, இது கடல் இல்லை, குளம்” என்று சிரித்தார். எனக்கு அழுகை வருமளவுக்கு வெட்கம். அம்மாவோடு இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் பொப்கேஜன் லொக்கைக் கடக்கவேண்டியிருந்தது. லொக் என்றால் நீர்ப்பூட்டு. இரண்டு ஏரியின் மட்டமும் வேறு வேறு என்பதால் படகை ஒரு கல்தொட்டிக்குள் விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மற்ற ஏரியின் மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். 1833இல் இந்தப் பாதையின் முதல் லொக் வேலை தொடங்கியதே இந்த ஊரில்தான். ஒன்ராறியோ ஏரிப் பக்கத்து ட்ரென்ரன் முதல் ஜோர்ஜியன் குடாவின் போர்ட் செவேர்ன் வரை 386 கிலோமீற்றரும் இணைந்தது 1920இல். பீற்றர்பரோவில் இருப்பது இன்னும் பெரிய அதிசயம். 1904இல் திறந்த லொக் அது. இரண்டு பெரிய தொட்டிகள் தராசுத் தட்டுகள்போல ஒன்று இறங்க மற்றது ஏறும். மேலே உள்ள தொட்டியில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விடுவார்கள், அந்தப் பாரத்தில் அது இறங்கும்போது கீழே உள்ளது படகோடு கிட்டத்தட்ட 20 மீற்றர் மேலே வந்துவிடும். 115ஆம் நெடுஞ்சாலையில் அந்தப் பக்கம் போனால் கட்டாயம் நிறுத்திப் பாருங்கள்.

லொக்குக்குள் போனால் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்கும் கம்பிவடத்தில் படகின் கயிற்றைச் சுற்றிக் கையில் பிடிக்கவேண்டும். கட்டிவிடக்கூடாது. தண்ணீர் ஏறி இறங்கும்போது கயிறும் கூடவே நழுவ வேண்டும் அல்லவா? எனக்கு அந்தக் கயிற்றைப் பிடிக்கத் தந்தார்கள். அன்றைக்கு நான்தான் கப்பலோட்டி.

கடந்து வந்து கரையோரம் இறங்குதுறையில் படகைக் கட்டினோம். அப்பா ஐஸ் வாங்கப் போனார். தம்பி தண்ணீருக்குள் ஓடிய சன்ஃபிஷ் மீன்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கணம் அவன் அங்கே இல்லை.

ஒரு சத்தமும் இல்லை. படங்களில் வருவதுபோல யாரும் கத்தவில்லை. நான் திரும்பியபோது தோடம்பழ நிறத்தில் ஒன்று தண்ணீருக்கு மேல் மிதந்தது. அவன் அழக்கூட இல்லை, ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மாமா குதித்துவிட்டார். உடுப்போடு, லைஃப் ஜக்கெற் இல்லாமல். மாமாவுக்கு நீந்தத் தெரியாது. அது அந்த நேரம்வரை எங்களுக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததோ என்னவோ.

தம்பி மிதந்தான். மாமா தாண்டார். பக்கத்துப் படகில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி, படகை இழுக்கும் நீண்ட கொக்கித்தடியை நீட்டினார். அவர் தண்ணீருக்குள் கால்கூட வைக்கவில்லை. “தடியைப் பிடி, தடியைப் பிடி” என்று அதட்டி மாமாவை மரக்குற்றிவரை இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு தம்பியையும் அதே தடியால் இழுத்தார். எல்லாம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

அம்மா யாரையும் ஏசவில்லை. மாமாவுக்குத் துவாய் கொடுத்தார், தேத்தண்ணி போட்டார். பின்னேரம் மச்சான்மார் மூவரும் கேட்காமலே லைஃப் ஜக்கெற் போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை, ஆகஸ்ட் 14. அந்தத் திகதி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒன்ராறியோவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் மின்சாரம் நின்றுபோன நாள். ரொறன்ரோவில் சுரங்க ரயில்கள் நின்றன, சந்திகளில் சனங்களே இறங்கிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் அடுப்பும் குளிர்பெட்டியும் எரிவாயுவில் ஓடின. இருட்டுமுன் படகைக் கரையில் கட்டிவிடவேண்டும் என்பது வாடகைக்குத் தந்தவர்களின் விதி. ஒரு ஓரத்தில் மரத்தில் கட்டிவிட்டுப் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். முதல் நாட்களில் எதிர்க்கரைக் கொட்டேஜ்களில் வெளிச்சம் மணிமாலைபோலத் தெரியும். அன்றைக்கு ஒன்றுகூட எரியவில்லை.

நிலா வரமுதல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பார்த்த வானத்தைப் பிறகு பார்க்கவில்லை. அந்த மாதம் செவ்வாய்க் கிரகம் பூமிக்கு மிக அருகில் வந்த மாதம். சிவப்பாக ஒரு பொட்டு. எனக்குப் பயம் வந்தது. ஏன் ஒரு வெளிச்சமும் இல்லை என்று அம்மாவிடம் ஒட்டிக்கொண்டேன்.

அம்மா, “இருட்டு நல்லது பிள்ளை. வெளிச்சம் வந்தால்தான் பயம்” என்றார்.

அதற்குப் பிறகுதான் சொன்னார். 1992இன் கடைசியில் கிளாலியால் வந்ததை. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடியிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியே வருவதற்கு யாழ் நீரேரியை இரவில் படகில் கடக்கவேண்டும். ஒரு மோட்டார் படகுக்குப் பின்னால் நாலைந்து வள்ளங்களைக் கயிற்றில் தொடுத்து இழுத்தார்களாம். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. அம்மம்மாவுக்கும் தெரியாது. லைஃப் ஜக்கெற் என்ற சாமானை அவர்கள் கண்டதே இல்லை. தூரத்தில் கடற்படைப் படகின் வெளிச்சம் தெரிந்தால் எல்லோரும் குனிந்துவிடுவார்கள். ஒரு கைக்குழந்தை அழுதபோது அதன் தாய் வாயைப் பொத்தியதை அம்மா சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். அம்மா கடந்து சில கிழமைகளில், 1993 ஜனவரித் தொடக்கத்தில், அதே நீரேரியில் கடற்படையின் தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள்.

மாமாவின் பற்றரி ரேடியோ மின்வெட்டுச் செய்தியைச் சொன்னபோது நாங்கள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? நாங்கள், இங்கே பிறந்த பிள்ளைகள், பெற்றோரின் பயத்தைப் பகிடி பண்ணுவதில் கெட்டிக்காரர். “அம்மா எல்லாத்துக்கும் பயம்”, “அவைக்கு ஒண்டும் தெரியாது”. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கிழமை அந்தப் படகில் தண்ணீரைப் பற்றிச் சரியாக யோசித்த ஒரே ஆள் பயந்த ஆள்தான். பயமில்லாதவர் குதித்தார், தாண்டார். பயத்தை அனுபவம் என்று மொழிபெயர்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்காக எல்லோரும் கரையிலேயே இருங்கள் என்று சொல்லவில்லை. அது அடுத்த பிழை. பயந்த பெற்றோரின் பிள்ளைகள் நீந்தப் பழகாமல் வளர்ந்து, பதினேழு வயதில் நண்பர்களோடு ஏரிக்குப் போய், வெட்கத்தில் தெரியாது என்று சொல்லாமல் இறங்குவார்கள். இங்கே வெளிநாட்டில் இருந்து வந்த குடும்பங்களில் நீந்தத் தெரியாதவர்கள் கூட என்று உயிர்காப்புச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்களின் குறைந்தபட்சப் பரீட்சை மூன்றே மூன்று: ஆழத்துக்குள் உருண்டு விழவேண்டும், ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதக்கவேண்டும், 50 மீற்றர் எப்படியாவது நீந்தவேண்டும். உங்களால் முடியுமா? மனதுக்குள் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நானே பதினாலு வயதில்தான் பழகினேன், வகுப்பில் என்னைவிட உயரம் குறைந்த ஏழு வயதுக்காரர்களோடு.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “எங்கட காலத்தில பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஆர் நீச்சல் பழக்கினது” என்று அம்மா சொல்வார். அப்பாவும் அவர் தம்பிமாரும் கடலில் குதித்து விளையாடிய வயதில் அத்தைமார் கரையில் நின்று உடுப்புக்குக் காவல் இருந்தார்கள். இங்கே அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து தொடர வேண்டியதில்லை. ரொறன்ரோ நீச்சல் தடாகங்கள் சிலவற்றில் பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரம் இருக்கிறது. அம்மாவையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு கதையும் அடிக்கடி கேட்கிறேன்: படகு, கொட்டேஜ், கனூ எல்லாம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று. எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். கனூ எப்போது வெள்ளைக்காரருடையதாக இருந்தது? அந்த ஏரிகள் மிச்சி சாகிக் அனிஷினாபே மக்களுடையவை. அவர்கள் அந்தத் தண்ணீரில் மரப்பட்டைக் கனூவில் போய் மனோமின் என்ற காட்டரிசியை அறுவடை செய்தவர்கள். எங்களைப்போலச் சோற்றுக்காரர் என்று அப்பா சொல்லுவார், அது அவருடைய பகிடி. நான் மேலே அதிசயமாக வர்ணித்த நீர்ப்பாதைக்கு அணைகள் கட்டி மட்டத்தை உயர்த்தியபோது அந்த அரிசி விளைந்த இடங்கள் நிறைய மூழ்கிப்போயின. 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் அவர்களின் வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் மறுத்தன. 2018இல்தான் அந்த உரிமைகள் திரும்ப ஏற்கப்பட்டு இழப்பீடும் மன்னிப்பும் வந்தன. பக்ஹோர்ன் ஏரிக்கும் செமொங் ஏரிக்கும் இடையில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் அவர்களின் கேர்வ் லேக் ஊர் இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் படகு அந்தக் கரையைத் தாண்டிப் போனபோது எட்டு வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பம் நாங்கள், துரத்தப்பட்ட இன்னொருவரின் தண்ணீரில் விடுமுறை கழித்தோம். அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. போகாமல் விடுவதால் யாருக்கும் நன்மை இல்லை.

காசு இல்லை என்பீர்கள். படகு வீடு விலைதான், உண்மை. இரண்டு மூன்று குடும்பம் சேருங்கள். அதுவும் முடியாவிட்டால் கனூவை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குத் தருவார்கள், துடுப்புப் படகுக்கு ஓட்டுநர் அட்டை தேவையில்லை. இயந்திரப் படகுக்குத்தான் அது வேண்டும். வாடகைப் படகென்றால் தருகிறவரோடு பாதுகாப்புப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்து வைத்தாலும் போதும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் லைஃப் ஜக்கெற்றை இரவலாகவும் தருகிறார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட இங்கத்தைய பிள்ளைகளுக்கு மீன்பிடிக்க அனுமதிச்சீட்டும் வேண்டாம்.

சட்டப்படி படகில் ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற் அளவாக இருக்கவேண்டும். ஆனால் ஆசனத்துக்குக் கீழே கிடக்கும் ஜக்கெற் மாமாவுக்கு என்ன உதவி செய்தது என்று பார்த்தீர்கள்தானே. போட்டுக்கொள்ளுங்கள். யாராவது விழுந்தால் முதலில் எட்டிக் கொடுக்கலாமா, எறிந்து கொடுக்கலாமா என்று பாருங்கள். குதிக்காதீர்கள். மே மாதத்தில் வெயிலைப் பார்த்து ஏமாறவேண்டாம், தண்ணீர் அப்போதும் குளிர்காலத்தில்தான் இருக்கும். பெரியவர்களுக்கும் ஒன்று. படகு ஓடும்போது பியர் வேண்டாம். படுக்கை, சமையல், கழிப்பறை உள்ள படகு கட்டி நிற்கும்போது மட்டும்தான் சட்டம் அதை அனுமதிக்கிறது. இதை நீங்கள் சொன்னால் ஏசுவார்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வருகிற ஆகஸ்டுக்கு ஒரு படகு பார்த்து வைத்திருக்கிறேன். தம்பிக்கு இப்போது இருபத்தெட்டு வயது தாண்டிவிட்டது, தன் சின்ன மகளையும் கொண்டுவருகிறான். மாமா வரவில்லை என்கிறார். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் லொக்குக்குள் போகும்போது தான் இறங்கிக் கரையால் நடந்து வருவாராம். இதைப்பற்றி இன்னும் பேரம் நடந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் நிறை எவ்வளவு என்று மட்டும் நேற்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.